தீம் சேமிக்க மறுக்கிறதா?

கேள்வி: பிளாகர் (கூகுளின் வலைப்பூ சேவை) தீமில், அதாவது வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் கோப்பில், ஒரு விளம்பர ஸ்கிரிப்ட்டை (சிறு நிரலை) ஒட்டினேன். சேமிக்கப் போனால் பிழை காட்டுகிறது. அதே ஸ்கிரிப்ட் வேறு தளத்தில் ஓடுகிறதே?

பதில்: பிளாகர் தீம் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது கண்டிப்பான இலக்கணம் கொண்ட குறிமொழியில் எழுதியது. வழக்கமான வலைப்பக்க மொழியான ஹெச்டிஎம்எல் கண்டுகொள்ளாமல் விடுவதை அது விடாது. பெரும்பாலும் வில்லன், ஸ்கிரிப்ட்டில் உள்ள இணைய முகவரிக்குள் இருக்கும் & குறிதான். அதை ஒட்டியே சிறிய எழுத்தில் ஏ, எம், பி, பிறகு அரைப்புள்ளி சேருங்கள். ஸ்கிரிப்ட்டில் 'அசிங்க்' (async) என்று மதிப்பில்லாமல் தனியாக நின்றால், சமக்குறி போட்டு மேற்கோளுக்குள் அதே சொல்லைக் கொடுங்கள். பட டேக் (படத்தைக் காட்டும் img குறி) முடியுமிடத்தில் சாய்கோடும் வேண்டும்.

நிறம், எழுத்தளவு மாற்றத்துக்கெல்லாம் நிரலைக் கிளற வேண்டியதில்லை. கஸ்டமைஸ், அட்வான்ஸ்டு, ஆட் சிஎஸ்எஸ் (தோற்றத்தை மாற்றும் குறியீட்டுக்கான இடம்) என்று போனால் போதும். எதற்கும் முதலில் தீமை பேக்கப் எடுங்கள். பதிவுகள் அதில் வராது. அவற்றுக்கு செட்டிங்ஸில் தனி பேக்கப்.