தோட்டம்: கேள்வி பதில் – ஆனுவல் கிளேரி

இங்கிலாந்தின் ஹாரோவிலிருந்து வாசகி ஒருவர்: பக்கத்து வீட்டம்மா ஒரு விதைப் பாக்கெட் கொடுத்தார். 'ஆனுவல் கிளேரி' என்று போட்டிருக்கிறது. தேடிப் பார்த்தால் நாலடி உயரச் செடி, அதிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்கிறார்கள் என்றெல்லாம் வருகிறது. இதுதானா அது? ஜன்னலோரம் தட்டில் விதைக்கட்டுமா, நேராக மண்ணிலா? எங்கள் தோட்டம் முழுக்கக் களிமண்.

எண்ணெய்க்காரி வேறு, இவள் வேறு. எண்ணெய் எடுப்பது சால்வியா ஸ்கிளேரியாவிலிருந்து. அது முதல் வருடம் தரையோடு இலையை விரித்துப் படுத்துக் கிடந்து, மறு வருடம்தான் பூக்கும். உங்களிடம் இருப்பது சால்வியா விரிடிஸ். மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. விதைத்த வருடமே வளர்ந்து, பூத்து, விதை கொட்டிவிட்டுப் போய்விடும். ஒன்றரை அடி, மிஞ்சினால் இரண்டடி. பாக்கெட்டின் பின்பக்கம் சால்வியா ஹோர்மினம் என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். அது இதே செடியின் பழைய பெயர். இன்னும் அதையே அச்சடிக்கிறவர்கள் உண்டு.

நேராக மண்ணிலேயே விதையுங்கள். தக்காளி, பீன்ஸ் மாதிரி மே கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. லேசான உறைபனியைத் தாங்கும் சாதி. மார்ச் கடைசியிலிருந்து மே வரை எப்போது வேண்டுமானாலும் போடலாம். நான் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, களையைப் பார்ப்பேன். களை பச்சையாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் மண் சூடாகிவிட்டது, விதைக்கலாம். மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாகக் கையில் ஒட்டுகிறதா? அப்படியானால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

களிமண்ணுக்கு உரத்தைக் கொட்டுவதுதான் நம்மவர்களின் முதல் யோசனை. இந்தச் செடிக்கு அது வேண்டாம். ஊட்டம் அதிகமானால் இலை மண்டி, தண்டு தொளதொளவென்று ஆகி, ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். பொடிச் சரளையை மூட்டையில் விற்கிறார்களே, அதில் கொஞ்சம் வாங்கிக் கிளறிவிடுங்கள். தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கொத்தமல்லி தூவுகிற மாதிரி கைபோன போக்கில் இறைக்காதீர்கள். குச்சியால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கோடு கிழித்து, அதில் விதையைப் போட்டு மூடுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் களையும் சேர்ந்து முளைத்திருக்கும். கோட்டில் இருப்பது நம் பிள்ளை, வெளியே இருப்பது களை என்று பிரித்துவிடலாம். முதலில் வரும் இரண்டு இலையும் மொழுமொழுவென்று வட்டமாக இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த ஜோடி வரட்டும். சுருக்கம் விழுந்து, விரலால் தடவினால் சொரசொரவென்று மெல்லிய ரோமம் தட்டுப்படும். தண்டை உருட்டிப் பாருங்கள், துளசித் தண்டு போல நாலு பட்டையாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்.

நாலைந்து இலை வந்ததும் ஒரு சாணுக்கு ஒன்று விட்டு மீதியைப் பிடுங்கிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் பிடுங்குங்கள். அந்த வாரங்களில் ஓடில்லாத நத்தைதான் பெரிய எதிரி. ஒரு ராத்திரியில் வரிசையையே காலி செய்துவிடும். இருட்டியபின் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. செடி ஒரு கை உயரம் வந்துவிட்டால் நத்தை அவ்வளவாகச் சீண்டாது. ஏப்ரலில் விதைத்தால் ஜூலையில் நிறம் பார்க்கலாம்.

இல்ஃபோர்டிலிருந்து: கிளேரி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வெட்டி ஜாடியில் வைத்தால் மறுநாளே தலை தொங்குகிறது. வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் மறுபடி பூக்குமா?

நீங்கள் பூ என்று நினைப்பது பூவே அல்ல. நுனியில் நீலமாக, ரோஸாக, வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நிறம் மாறிய இலை. காகிதப்பூச் செடியில் நடக்கிறதே, அதே சங்கதி. ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: கரும்பச்சை நரம்பு கோடு கோடாக ஓடும். நிஜப் பூ அதற்குக் கீழே, தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக, சிறிய உதடு பிளந்த மாதிரி ஒளிந்திருக்கும். தேனீக்கு அது தெரியும். நுனியை விட்டுவிட்டு நேராக அங்கேதான் போகும்.

இது புரிந்தால் உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும். நிஜப் பூ உதிர்ந்தாலும் வண்ண இலை வாரக்கணக்கில் நிற்கும். ஆகவே வாடியதைக் கிள்ளும் வேலையே இங்கே கிடையாது. தலை தொங்குவதற்குக் காரணம், இளசாக வெட்டுவது. நுனி இலை இன்னும் மடங்கி, பச்சை கலந்து இருந்தால் தண்டில் பலம் ஏறவில்லை என்று பொருள். இலை நன்றாக விரிந்து நிறம் ஏறிய பிறகு தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். விறைப்பாக நின்றால் வெட்டலாம், வளைந்து ஆடினால் விட்டுவிடுங்கள். காலையில், வெயில் ஏறுவதற்குள் வெட்டி, கீழ்ப் பாதி இலையை உருவிவிட்டு, ஆழமான வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி நிழலில் வைத்து, பிறகு ஜாடிக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தாராளமாக நிற்கும்.

ஜாடிக்கென்றே வளர்ப்பதானால் கொஞ்சம் நெருக்கமாக விடலாம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்டு நேராக நீளும். பாத்தி ஓரத்துக்கு என்றால் சாண் கணக்கைக் குறைக்காதீர்கள், பக்கக் கிளை விட்டுப் புதராக வரட்டும். எனக்கு 'ஆக்ஸ்ஃபோர்ட் ப்ளூ' பிடிக்கும். நீலம் என்று பெயர், உண்மையில் கத்திரிப்பூ நிறம். முன்னால் சாமந்தி, பின்னால் இது என்று நட்டுப் பாருங்கள். மூன்று நிறமும் கலந்த பாக்கெட்டை நான் வாங்குவதில்லை. பார்க்கத் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும்.

மீந்ததைக் கொத்தாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமான இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறத்தோடு காயும். ஆகஸ்டில் கட்டினால் நவராத்திரிக் கொலுப்படிக்கு ஆகும். கடையில் பிளாஸ்டிக் பூ வாங்கி அடுக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஸ்லோவிலிருந்து: இதைச் சாமிக்கு மாலையாகத் தொடுக்கலாமா?

தனியாகத் தொடுக்க எடுப்பாக இருக்காது, மணமும் சொல்லும்படி இல்லை. கதம்பத்தில் மரிக்கொழுந்து வைக்கும் இடத்தில் இடையிடையே வைத்துத் தொடுங்கள், எடுத்துக் காட்டும்.

க்ராய்டனிலிருந்து: அம்மா அக்டோபரில் சென்னைக்குத் திரும்புகிறார். இதன் விதையைக் கொடுத்து அனுப்பலாமா?

வேண்டாம். இந்தியாவுக்கு விதை கொண்டுபோக அங்கே வாங்கிய இறக்குமதி அனுமதியும், இங்கே வாங்கிய தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு சிறு பொட்டலத்துக்காக விமான நிலையத்தில் அம்மாவைத் திண்டாட வைக்காதீர்கள். தவிர, இது குளிர்ந்த வசந்தத்தில் வேர்விட்டுப் பழகிய செடி. சென்னை வெயிலில் இதை வளர்க்க அம்மா படாத பாடு படுவார். அந்த நிறம்தான் வேண்டுமென்றால் நீல சால்வியா, அதாவது சால்வியா ஃபரினேசியா, அங்கேயே நர்சரிகளில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி, வெயிலுக்கு அசராது.

இங்குள்ள விதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தண்டு பழுப்பானதும் ஒரு காகிதப் பைக்குள் தலைகீழாகப் போட்டுக் குலுக்கினால் போதும். ஒவ்வொரு பூக்கிண்ணத்துக்குள்ளும் அதிகபட்சம் நாலு விதை இருக்கும். தரையில் கொட்டியதும் சும்மா இருக்காது, அடுத்த வருடம் அங்கங்கே தானே முளைக்கும். அதனால் வசந்தத்தில் அந்தப் பாத்தியைக் கொத்துவதற்கு முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.