மாடல் வீட்டுக்கு அளவு டேப் கொண்டு போனீங்களா?

இந்த தடவ வந்த கடுதாசியில பாதிக்கு மேல மாடல் வீடு சங்கதிதான். பில்டர் ஒரு வீட்ட மட்டும் முதல்ல முடிச்சு, டிசைனர வச்சு முறி முறியா (ரூம் ரூமா) அலங்காரம் பண்ணி, ஞாயித்துக்கிழமை நம்மள குடும்பத்தோட கூப்பிட்டு சாயா குடுத்து சுத்திக் காட்டுதாவ இல்லியா, அந்த வீடு. நீளமா வந்த கடுதாசிய வெட்டித்தான் போட்டிருக்கேன், கோவிக்காதீங்க.

கேள்வி: மாடல் ஃபிளாட் பாத்தோம், வீட்ல அவளுக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு, அங்கயே 25,000 டோக்கன் குடுத்துட்டோம். அங்க கெடந்த சோபா, ஃப்ரிட்ஜ், தொங்கு லைட்டு எல்லாம் சேத்துதானே விலை? — பார்வதிபுரம்

பதில்: இல்ல. எழுதித் தந்த லிஸ்ட்ல இருக்குறது மட்டும்தான் விலையில சேரும். 200 ரூவாய்க்கு மீன் வாங்குனா செவுள தூக்கிப் பாக்குறோம், இத்தனை லட்சத்துக்கு வீடு வாங்கும்போது ஒரு பேப்பர் கூட கேக்காம காச எண்ணிக் குடுக்குறத என்னால ஏத்துக்க முடியல. நாளைக்கே போய் அந்த லிஸ்ட்ட கேளுங்க, தரலன்னா அடுத்த பைசா குடுக்காதீங்க.

கேள்வி: மாடல் வீட்டுல பெட்ரூம் விசாலமா இருந்துச்சு. எங்க வீடும் அதே பிளான், அதே பத்துக்குப் பதினொண்ணு முறி. ஆனா எங்க கட்டில போட்டா பீரோ கதவ தொறக்க முடியல. அளவுல ஏமாத்திட்டாங்களா? — தக்கலை

பதில்: அளவு சரியாத்தான் இருக்கும். உங்களுக்குக் காட்டுன கட்டில்தான் சின்னது. இத நான் பல வருஷமா சொல்லிட்டே இருக்கேன், இப்பவும் சொல்லுதேன். நம்ம வீட்டு டபுள் காட் மெத்தை ஆறடி அகலம், ஆறரை அடி நீளம், சட்டம் தலைப்பலகை எல்லாம் சேந்தா ஏழடிக்கு வந்துரும். பதினொண்ணுல ஏழு போனா மிச்சம் நாலடி, பீரோ ரெண்டடி ஆழம் எடுத்துக்கும், பாக்கி ரெண்டடிக்குள்ள பீரோ கதவும் தொறக்கணும் ஆளும் நிக்கணும். மாடல் வீட்டுக்கு வாற கட்டில் அகலமும் நீளமும் கொறச்சு சொல்லிச் செஞ்சதா இருக்கும், கால் நீட்டிப் படுத்தா பாதம் வெளிய தொங்கும், ஆனா அங்க யாரு படுத்துப் பாக்கப் போறா. நான் பாத்த ஒரு மாடல் வீட்டுல முறிக்கு கதவே மாட்டல, கீல் அடிக்க வெட்டுன எடம் மட்டும் இருந்துச்சு, ஏன்னா கதவு உள்பக்கம் தொறந்தா மூணடி எடத்த அது தின்னுரும். ஒரு சுவரு முழுக்கக் கண்ணாடி. ஹாலுக்கும் அடுக்களைக்கும் நடுவுல சுவருக்குப் பதிலா கிளாஸ். கேஸ் சிலிண்டருக்கு எடம் இல்ல, வாஷிங் மெஷின் இல்ல, துணி காயப்போடுற கொடி இல்ல, கறி வைக்க தேங்கா திருவ ஒரு மூல கூட இல்ல. மனுசன் இருக்குற வீட்டுல இருக்குற எதுவுமே இல்லாம வச்சா எந்த முறியும் விசாலமாத்தான் தெரியும்.

அதனால அளவு டேப் கொண்டு போங்க. முறிய மட்டும் அளந்தா போதாது, அங்க கெடக்குற கட்டில அளங்க, சோபாவ அளங்க, வீட்டுல இருந்து கெளம்பும்போதே உங்க கட்டில் பீரோ அளவ ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி பையில போட்டுக்கோங்க. சதுர அடி சொன்னா எந்தச் சதுர அடின்னு கேளுங்க. கார்ப்பெட் ஏரியான்னா வெளிச்சுவரு, பால்கனி, மொட்டமாடி எல்லாம் நீக்கி, உள்ள இருக்குற தடுப்புச் சுவர மட்டும் சேத்து வாற அளவு, 2016 ரெரா சட்டத்துல, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்துல, அப்படித்தான் எழுதியிருக்கு. லிஃப்டும் மாடிப்படியும் பங்கு போட்டு சேத்து 1,200ன்னு சொல்லுற ஃபிளாட்டுல உள்ள நடக்குற எடம் 900 கூட வராம போகலாம்.

அப்புறம் நீங்க தக்கலைக்காரரு, பத்மநாபபுரம் அரண்மனை உங்களுக்கு நடந்து போற தூரம். திங்கக்கிழமை தவிர ஒரு நாள் பிள்ளைகள கூட்டிட்டுப் போங்க. பூமுகத்து (முன்வாசல் மண்டபத்து) மச்சுல 90 வகைப் பூ செதுக்கியிருக்குன்னு சொல்லுவாவ, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குறது தெரியாது. சாரல் உள்ள அடிக்காம காத்து மட்டும் வாற மாதிரி சாய்ச்சு வச்ச மரச்சட்ட அழி இருக்கு, கையால தொட்டுப் பாக்கணும் போல இருக்கும். ஆளு இருக்கக் கட்டுன வீட்டோட அலங்காரம் அது.

கேள்வி: வீடு வாங்குற வசதி இல்ல. சும்மா அழகு பாக்கத்தான் மாடல் வீட்டுக்குப் போவேன், கலர், திரைச்சீலை எல்லாம் பாத்துட்டு வருவேன். தப்பா? — கோட்டாறு

பதில்: தப்பே இல்ல தங்கச்சி, எனக்கும் அது பிடிக்கும். ஃபோன் நம்பர் மட்டும் எழுதிக் குடுக்காதீங்க.

கேள்வி: மாடல் வீட்டுல பாத்த அதே டிசைன்ல அலமாரி செய்யலாம்னு இருக்கோம். எம்.டி.எஃப் (மரநார பசை போட்டு அமுக்குன பலகை) போதும்னு சொல்லுதாங்க. — குலசேகரம்

பதில்: வேண்டாம். 2016-ல ஒரு மாடல் வீட்டுல வெள்ளக் கலர் அலமாரி ஒண்ண பாத்து, கண்ண எடுக்க முடியாம, செஞ்சவங்க யாருன்னு விசாரிச்சு 42,000 குடுத்து அதே மாதிரி வாங்குனேன். உள்ள பார்ட்டிக்கிள் போர்டு, அதுவும் எம்.டி.எஃப் மாதிரி மரத்தூள அமுக்கிச் செஞ்ச பலகைதான்னு நான் கேக்கவும் இல்ல அவங்க சொல்லவும் இல்ல. ஜூன்ல வாற எடவப்பாதி மழை ஒண்ணு, ஐப்பசி மழை ஒண்ணு, அவ்வளவுதான், அடிப்பலகை ஊறி உப்பிப் போச்சு, கீல் ஸ்குரு பிடிக்காம கதவு கையோட வந்துச்சு. அம்மாவோட பட்டுச்சீலை ரெண்டு பூஞ்சை பிடிச்சுப் போனத இன்னும் மறக்க முடியல.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, அதுவும் குலசேகரம் பக்கம் சொல்லவே வேண்டாம். மாடல் வீட்டுல பகல் முழுக்க ஏசி ஓடும், அங்க எதுவும் உப்பாது. அடுக்களைக்கும் பாத்திரம் கழுவுற அங்கணத்துக்கும் ஐ.எஸ். 710ன்னு அச்சடிச்ச மரைன் பிளைவுட், ஐ.எஸ்.ஐ முத்திரையோட. மரமே வேணும்னா பழைய அயனி, பிலா கெடச்சா விடாதீங்க. ரப்பர் மரம் உங்க ஊருலயே கெடைக்கும், ஆனா போராக்ஸ் மருந்து ஏத்தாத ரப்பர் மரத்துல வண்டு தொளச்சு மாவா கொட்டும், மருந்து ஏத்துனதுன்னு பில்லுல எழுதச் சொல்லுங்க.

கேள்வி: மாடல் வீட்டுல பளபளன்னு இருந்த ஸ்டீல் கைப்பிடியத்தான் எங்க மாடிக்கும் போட்டாங்க. எட்டு மாசத்துல துரு. காந்தம் ஒட்டல, அதனால நல்ல ஸ்டீல்னு சொல்லுதாங்க. — குளச்சல்

பதில்: காந்தம் ஒட்டாதது சாட்சி ஆகாது, 202 கிரேடுலயும் பெரும்பாலும் ஒட்டாது, அது மட்ட ரகம். கடக்கரைக்கு 316 வேணும், அதுல மாலிப்டினம்ங்குற உலோகம் சேத்திருப்பாவ, உப்புக்காத்த தாங்கும். 304-க்கே கடப்பக்கம் பழுப்புக் கறை வரும். பில்லுல கிரேடு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 304ன்னு எழுதி 202 போட்டிருந்தா அது ஏமாத்து, ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கிரேடே எழுதலன்னா கஷ்டம்தான்.

கேள்வி: வீட்டுக்காரர் குவைத்துல. மாடல் வீட்ட வீடியோ கால்ல அவருக்கும் காட்டிட்டு 35 லட்சம் வீட்டுக்கு 8 லட்சம் அனுப்புனோம். ரசீது மட்டும் தந்தாங்க. இப்ப டைல்ஸ் வேற, கதவு வேற. கேட்டா அது சும்மா மாதிரிக்குத்தான்னு சொல்லுதாங்க. ராத்திரி தூக்கம் இல்ல. — கருங்கல்

பதில்: அக்கா, முதல்ல ஒண்ணு, தப்பு உங்க மேல இல்ல. அந்த வெயில்ல அவரு சம்பாதிச்ச காசு அது, அத வாங்கிட்டு இப்படிப் பேசுறவங்கள நெனச்சா எனக்கும் ஆத்தாமையா இருக்கு.

அவங்க சொல்லுறது சட்டத்துல நிக்காது. ரெரா சட்டம் 12-வது பிரிவு மாடல் வீட்ட பேரு சொல்லியே பேசுது. மாடல் வீட்ட நம்பிப் பணம் கட்டி, அதுல காட்டுனது பொய்யா இருந்து நஷ்டப்பட்டா ஈடு கேக்கலாம், வீடே வேண்டாம்னா கட்டுன பணம் முழுசும் வட்டியோட திருப்பிக் கேக்கலாம். 13-வது பிரிவு படி விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கணும்னா முதல்ல ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணியிருக்கணும். உங்க கணக்குக்கு மூணரை லட்சம்தான், அவங்க எட்டு வாங்கியிருக்காவ.

இப்ப செய்ய வேண்டியது. பேங்க் வழியா போன பணத்துக்கு ஸ்டேட்மெண்ட் எடுங்க. பிள்ளைகள் மாடல் வீட்டுல நின்னு எடுத்த போட்டோ இருந்தா ஒண்ணயும் அழிக்காதீங்க, பின்னால தெரியுற டைல்சும் கதவும்தான் உங்க சாட்சி. அவங்க குடுத்த விளம்பர நோட்டீஸ், வாட்ஸாப்ல வந்த மெசேஜ் எல்லாம் பிரிண்ட் போடுங்க. அந்தத் திட்டம் தமிழ்நாடு ரெரா ஆணையத்துல பதிவு ஆகியிருக்கான்னு அவங்க இணையதளத்துல பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல நிலமும் எட்டுக்கு மேல வீடும் இருந்தா பதிவு கட்டாயம், புகார அங்கயே குடுக்கலாம். சின்னத் திட்டம்னு அதுல வரலன்னா நாகர்கோவில்ல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். வழி கேக்க நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிங்க. முதல்ல பில்டருக்கு சேந்ததுக்கு அத்தாட்சி கேட்டு ஸ்பீட் போஸ்ட், போன்ல பேசாதீங்க, அடுத்த தவணையும் அனுப்ப வேண்டாம்னு வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லிருங்க. வாற பதில எனக்கும் எழுதுங்க, நான் பாக்குதேன்.

கேள்வி: மாடல் வீடு பாக்க எந்த நேரம் நல்லது? — ஆரல்வாய்மொழி

பதில்: மழை பெய்யுற நாள், மத்தியானம். உள்ள போனதும் லைட்டயும் ஏசியவும் நிறுத்தச் சொல்லுங்க.