ஆக்சிலேட்டரை விட்டால் அணைந்துபோகும் ஸ்கூட்டர்

கேள்வி: ஆறு வருடம் ஓடிய, கியர் இல்லாத 125 சிசி ஸ்கூட்டர் ஒன்றை மலிவாக வாங்கினேன். கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த வண்டி. மீட்டரில் 28,000 கி.மீ. காட்டுகிறது. மூன்று மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது காலையில் பதினைந்து முறை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, கையை எடுத்தால் ஆஃப். சோக்கை இழுத்துவிட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. கிளம்பும்போது ஓர் உதறல் வேறு. புது பிளக் போட்டும் பயனில்லை. கார்ப்பரேட்டரை மாற்ற வேண்டும், போர் வேலையும் (தேய்ந்த சிலிண்டரையும் பிஸ்டனையும் சரிசெய்வது) இருக்கலாம் என்கிறார் மெக்கானிக். இரண்டையும் செய்தால் வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிடும். செய்யலாமா, வண்டியைத் தள்ளிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். விலை குறைந்த ஸ்கூட்டர்களில் என்ஜினின் உள்பாகம் அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், ஒயர், நட்டு, சின்னச் சின்ன துவாரங்கள் இவைதான் முதலில் மக்கர் பண்ணும். நீங்கள் சொன்ன அறிகுறிகளிலும் போர்தான் போய்விட்டது என்று முடிவு கட்ட ஒன்றும் இல்லை. சைலன்சரில் நீலப் புகை வருகிறதா? ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஆயில் மட்டம் கணிசமாக இறங்குகிறதா? இல்லையென்றால், கேஜ் வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் யாரையும் என்ஜினைத் திறக்க விடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு நல்ல துப்புகள் இருக்கின்றன. ஒன்று, ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடுகிறது. இன்னொன்று, சோக் இழுத்தால் அணையாமல் தாக்குப்பிடிக்கிறது. சோக் என்பது காற்றைக் குறைத்து பெட்ரோலின் பங்கைக் கூட்டும் ஏற்பாடு. அதைப் போட்டால் வண்டி பிழைக்கிறது என்றால், ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் என்ஜின் ஓடும் நிலை) என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ கூடுதல் காற்று நுழைகிறது.

பெட்ரோல் போதாததற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்லோ ஜெட். ஜெட் என்பது பெட்ரோல் வரும் சின்னத் துவாரம் உள்ள பித்தளைத் திருகு; கார்ப்பரேட்டரில் வேகத்துக்கு மெயின் ஜெட், ஐடிலுக்கு ஸ்லோ ஜெட். இந்த ஸ்லோ ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மாதம் நின்ற வண்டியில், கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போல ஒரு படிவை விட்டுப்போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மெயின் ஜெட் பெரிய துவாரம், தப்பித்துவிடும். அதனால்தான் கொடுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது.

முதலில் செலவில்லாத வேலை. என்ஜின் ஆறியிருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், கிண்ணத்தின் அடியில் உள்ள ட்ரெய்ன் திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறதா, பழுப்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டேங்கையும் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் கார்ப்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் ஒரு வாரத்தில் பழைய கதைதான்.

அடுத்து கார்ப்பரேட்டரைக் கழற்றி ஸ்லோ ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்ப்பரேட்டர் க்ளீனரும் காற்றும் போதும். ஊசி, ஸ்டீல் கம்பி எதையும் விடக்கூடாது. ஜெட் பித்தளை, ஒரு முறை கம்பி விட்டால் துவாரம் பெரிதாகிவிடும், அப்புறம் மைலேஜ் போய்விட்டதே என்று வேறு ஒரு கடிதம் எழுதுவீர்கள். இது சுத்தம் செய்யும் வேலைதான். முழு கார்ப்பரேட்டரையும் மாற்றும் வேலை இல்லை.

இனி அந்தக் கூடுதல் காற்று. கார்ப்பரேட்டரையும் என்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாய் ஆறு வயதில் வெடித்திருக்க வாய்ப்புண்டு. வண்டியை நிறுத்திவைத்து, என்ஜின் எப்படியாவது ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ரப்பர்மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு. இதற்கு பெட்ரோலையோ க்ளீனரையோ தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் வண்டி ஐடிலில் அணைந்துபோகிறது என்றால் டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் இடையில் விடும் சின்ன இடைவெளி. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் யாரும் தொடாத இடம் இது. டேப்பெட் இடைவெளி கூடினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். குறைந்தால் சத்தமே வராது. வால்வும் அது உட்காரும் இடமும் தேயத் தேய, வால்வு மேலேறி, இடைவெளி சுருங்கும். வண்டி முன்னைவிட அமைதியாக ஓடுவது போலத் தோன்றும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கும், ஐடிலில் நிற்காது. இதைப் பார்த்துத்தான் பலர் போர் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டு திருகுகளைச் சரிசெய்தால் தீர்ந்துவிடக்கூடிய விஷயம்.

டேப்பெட்டை முழுக்க ஆறிய என்ஜினில்தான் பார்க்க வேண்டும். கடைக்கு ஓட்டிப்போன சூட்டோடு பார்த்தால் அளவு தப்பும். முந்தைய இரவே வண்டியை அங்கே விட்டுவிடுங்கள். ஃபிளைவீலில் உள்ள ‘டி’ (T) குறியை, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது அது, என்ஜினில் உள்ள குறியோடு சேர்த்து, இரண்டு ராக்கர்களும் லேசாக ஆடுவதை உறுதி செய்துகொண்டு, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று. இவ்வகை என்ஜின்கள் பலவற்றில் இடைவெளி 0.1 மி.மீ. அக்கம்பக்கம்தான். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இன்டேக் வால்வுக்கும் (கலவை உள்ளே வரும் வழி) எக்ஸாஸ்ட் வால்வுக்கும் (புகை வெளியேறும் வழி) அளவு வேறாக இருக்கலாம். ‘கை அளவில் வைத்துவிட்டேன்’ என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஐடில் திருகை ஏற்றிவைத்து ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்புவதும் நடக்கும். கியர் வண்டியில் அது வெறும் பெட்ரோல் விரயம். உங்கள் வண்டியில் சுழற்சி கூடினால் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டதும் வண்டி தாவும். சென்டர் ஸ்டாண்டில் ஐடிலில் நிற்கும்போது பின்சக்கரம் சோம்பலாகச் சுற்றினால் பரவாயில்லை. லேசாக பிரேக் தொட்டும் நிற்காமல் வேகமாகச் சுற்றினால் ஐடிலைக் குறைத்தாக வேண்டும்.

செல்ஃப் விஷயம் தனி. ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) வேலை செய்கிறது, மோட்டாரைச் சுழற்ற மின்சாரம் போதவில்லை. பேட்டரி முனைகளைப் பாருங்கள். அதிர்வில் நட்டு தளர்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். மைனஸை முதலில் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு மல்டிமீட்டர். நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் வெளியே சார்ஜ் செய்து பாருங்கள். வண்டி ஓடும்போது, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜிங்கில் கோளாறு, புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் படுத்துவிடும். சில வண்டிகளில் பிளக்குக்கான மின்சாரமும் பேட்டரியிலிருந்தே வருவதால், பேட்டரி சரியானாலே கிக்கர் வேலையும் குறையலாம்.

புது பிளக் போட்டீர்கள், சரி. அதைக் கழற்றி மறுபடி பாருங்கள். நுனி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்ற என் ஊகம் உறுதியாகும். கரி படிந்திருந்தால் நான் சொன்னதை நிறுத்திவிட்டு ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். ஹெட் அலுமினியம். அவசரத்தில் ஸ்பேனரைப் போட்டு ஒரு முறை மரையைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்தப் பத்து வினாடி அவசரத்துக்கு இரண்டு நாள் நடந்து திரிந்தேன்.

கிளம்பும்போது வரும் உதறலுக்கும் கார்ப்பரேட்டருக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. இடதுபக்க மூடிக்குள் கிளட்ச் ஷூவில் தூசு சேர்ந்து பளபளத்துப்போயிருக்கும். திறந்து சுத்தம் செய்து, ஷூவை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூடியைத் திறந்த கையோடு பெல்ட்டையும் ரோலர்களையும் பார்த்துவிடுங்கள். 28,000 கி.மீ.யில் பெல்ட் ஒரு முறையாவது மாறியிருக்க வேண்டும். மாற்றியதற்குத் தகவல் இல்லையென்றால், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். நான் காசு செலவழிக்கச் சொல்லும் ஒரே பாகம் இதுதான். பெல்ட் அறுந்தால் நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், நின்ற காலத்தில் பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது; ஆயிலை மாற்றி, கார்ப்பரேட்டரின் மிதவை ஊசியையும் (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைப்பது) பெட்ரோல் டேப்பையும் பார்க்க வேண்டும். வாசனை இல்லாவிட்டாலும், எப்போது மாற்றியது என்று தெரியாத ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. பின்சக்கரத்தருகே கியர் ஆயில் தனியாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பெரும்பாலும் தொடமாட்டார்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது ‘கார்ப்பரேட்டர் பார்க்கணும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ஸ்லோ ஜெட், இன்டேக் ரப்பர், ஆறிய என்ஜினில் டேப்பெட், இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று முடிந்ததும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். இனி ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், அந்த ட்ரெய்ன் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்து வையுங்கள்.