அடுக்களையில் கிடைக்காத வைஃபை

கேள்வி: தம்பி, எங்களுடையது பழைய ஓட்டு வீடு, வெட்டுக்கல் சுவர். அடுக்களை பிறகு சேர்த்துக் கட்டியது. வைஃபை பெட்டி முன்னறையில் இருக்கிறது. மூத்தவன் மஸ்கட்டில் வேலை முடிந்து கூப்பிடுவான். அங்கே ஆறு மணி, நமக்கு ஏழரை. நான் அடுப்பு முன்னால் நின்றால் அவன் முகம் அப்படியே நின்றுவிடும். மருமகள் புதிதாக வாங்கிய போனில் அதே இடத்தில் தடையில்லாமல் பேசுகிறாள். பெட்டியும் அதேதான், சுவரும் அதேதான். என் போனுக்கு ஆறு வயது. நானும் மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: மருமகளின் போனுக்குக் காது கூர்மை, அம்மா. பெட்டியிலிருந்து வரும் அலை இரண்டு போனுக்கும் ஒன்றுதான். வெட்டுக்கல் சுவரைத் தாண்டி வரும் மிச்சத்தைப் பிடிப்பதில்தான் வித்தியாசம்.

அந்த அலை அடுக்களைக்குள் நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் தரையிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய அலைகள் சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும். நாலு விரற்கடை தள்ளினால் நன்றாகக் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 12 சென்டிமீட்டர்தான். விலை குறைந்த பழைய போன்கள் பலவற்றில் வைஃபைக்கு ஒரே ஆன்டெனா. அது அந்தக் குழியில் விழுந்தால் பேச்சு நின்றது. புது மாடல்கள் பலவற்றில் இரண்டு இருக்கும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். உலோக விளிம்புள்ள போனை ஓரமாகத் தடவிப் பாருங்கள், மெல்லிய கோடுகள் தெரியும். அலை போய்வர உலோகத்தை வெட்டிப் பிளாஸ்டிக் நிரப்பிய இடங்கள் அவை.

அதற்காக உடனே கடைக்கு ஓட வேண்டாம். உங்கள் போனில் எப்போதாவது டிஸ்பிளேயோ பேட்டரியோ மாற்றினீர்களா? தக்கலையில் என் மேசைக்கு ‘வைஃபை எடுக்கவில்லை’ என்று வரும் போன்களில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பல மாடல்களில் ஆன்டெனாவுக்கு நூல் போன்ற ஒரு வயர் போகும். அதன் முனையில் கடுகளவு பித்தான். திறந்து மூடும்போது அது சரியாக அமராவிட்டால் பெட்டிக்குப் பக்கத்தில் எடுக்கும், அடுத்த அறையில் எடுக்காது. நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும், வேலை முடிந்தது. குளச்சல் பக்கமிருந்து வரும் போன்களில் இன்னொன்று பார்க்கிறேன். உப்புக்காற்று பட்டு, ஆன்டெனாவைத் தொடும் சின்ன ஸ்பிரிங்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். துடைத்தால் சரியாகும். கவருக்குள் காந்தத் தகடு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, வைஃபை பெயரைப் பாருங்கள். பெட்டி இரண்டு பெயர் காட்டினால், 5ஜி என்று முடிவது 5 கிகாஹெர்ட்ஸ். சிம் கார்டின் 5ஜி வேறு, இது வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் தடித்த சுவரில் சீக்கிரம் தளர்ந்துபோகும். அடுக்களைக்கு மற்றப் பெயரே நல்லது. பெட்டி இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தால், வாசல் நேருக்கு, தலைக்கு மேல் உயரத்தில் மாற்றி வையுங்கள்.

திரையில் வைஃபை அளவைக் காட்டும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன்னிஷ்டப்படி வைக்கிறது. வைஃபை அனலைசர் ஆப் ஒன்று போட்டால் டிபிஎம் என்று எண் காட்டும். போனுக்கு வந்து சேரும் அலையின் பலம் அது; மைனஸுக்குப் பின்னால் எண் சிறிதானால் பலம் அதிகம். மைனஸ் 65 வீடியோவுக்குத் தாராளம்; மைனஸ் 80-க்குக் கீழே போனால் முகம் நிற்கும். என் வீட்டில் ஒரே மேசையில் பழைய போன் மைனஸ் 81, புதியது மைனஸ் 74. ஏழுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஐந்து மடங்கு சக்தி. போனுக்குப் போன் இந்த எண்ணும் கொஞ்சம் மாறும், ஆனாலும் கோட்டைவிட மேல்.

இத்தனையும் செய்து சரியாகாவிட்டால் மாற்றுங்கள். கடையில் ‘வைஃபைக்கு 2x2 மைமோ உண்டா’ என்று கேளுங்கள். இரண்டு ஆன்டெனா என்று பொருள். 2019-ல் சான்றளிக்கத் தொடங்கிய வைஃபை 6 என்ற தலைமுறையைச் சொல்லி விலை ஏற்றினால், உங்கள் பெட்டியும் வைஃபை 6-ஆக இருந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் பழைய போனில் பேங்க் ஆப் வைத்திருக்கிறீர்கள் என்றால், பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். நின்றுபோயிருந்தால், வைஃபை எப்படி இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இன்று மாலை ஏழு மணிக்கு இரண்டு போனையும் அடுப்பு முன்னால் பிடித்து இரண்டு எண்ணையும் குறித்து அனுப்புங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்.