தலைக்காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: மனையை விற்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. பதினான்கு மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் தலையில் பலத்த அடி. உயிர் பிழைத்துவிட்டார்; ஆனால் வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை. முதுகுத்தண்டில் மூன்று முறை ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவார் என்று ஒரு தனியார் மையத்தில் 6 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். ஜப்பான் அரசே இதை அனுமதித்துவிட்டதாம். எங்களிடம் இருக்கும் ஒரே மனையை விற்றுக் கட்டலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, அந்த மனையை விற்க வேண்டாம்.

ஜப்பானைப் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன். சான்பயோ என்ற நிறுவனத்தின் 'அக்கூகோ' என்னும் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) மருந்துக்கு 2024 ஜூலையில் அங்கே அனுமதி கிடைத்தது. அதுவும் நிபந்தனையுடன், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் மாற்றியமைத்த செல்கள் அவை. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையில் காயம்பட்ட பகுதியைச் சுற்றி நேரடியாக அவற்றைச் செலுத்துகிறார்கள். உங்களிடம் பேசியவர்கள் போடப்போவதோ முதுகுத்தண்டு ஊசி. செல்லும் வேறு, வழியும் வேறு. அந்த அனுமதி இந்த ஊசிக்கு எந்த வகையிலும் சான்றாகாது.

அந்த மருந்துமே எவ்வளவு பலன் தந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடிபட்டு ஓராண்டுக்கு மேலாகியும் கை கால் அசைவு திரும்பாதவர்களிடம் நடந்த ஆய்வில், 46 பேருக்குச் செல்கள் செலுத்தப்பட்டன. 15 பேருக்கு எதையும் செலுத்தாமல் அறுவை செய்ததுபோல் மட்டும் செய்தார்கள். கையை முதுகுப்புறம் கொண்டுபோவது, விரல்களுக்கிடையே பென்சிலைப் பிடிப்பது போன்ற அசைவுகளுக்கு மொத்தம் 100 மதிப்பெண் தரும் சோதனையில், 24 வாரங்களில் முதல் குழுவினர் சராசரியாக 8.3 மதிப்பெண்ணும், மற்றவர்கள் 2.3 மதிப்பெண்ணும் முன்னேறினார்கள். மூடியே கிடந்த விரல்கள் திறப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன். ஆனாலும் படுத்திருந்தவர் எழுந்து நடந்தார் என்று சொல்லக்கூடிய முடிவு அல்ல இது. செலுத்திய செல்கள் புதிய நரம்பணுக்களாக மாறிவிடுவதும் இல்லை. சில வாரங்களில் அவை மறைந்துவிடுகின்றன என்றும், அதற்குள் அவை சுரக்கும், செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களே எஞ்சியிருக்கும் நரம்புகளைத் தூண்டுகின்றன என்றும் விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் முறையான ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குத் தரக்கூடாது; ஆய்வு என்றால் அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. இது ஆய்வுதான் என்று அந்த மையத்தார் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (CTRI) அதைப் பதிவுசெய்த எண்ணைக் கேளுங்கள். எண்ணைத் தராமல் பணத்தை மட்டும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டதே என்று பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓராண்டு கடந்த பிறகும் தொடர்ந்த பயிற்சியால் முன்னேறுகிறவர்கள் இருக்கிறார்கள். கை இறுகிப்போயிருந்தால் அதைத் தளர்த்த மாத்திரையும் ஊசியும் உண்டு. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும் கடைசியாக எடுத்த ஸ்கேனையும் கையோடு கொண்டுசெல்லுங்கள்.