சுகாதாரச் சீர்திருத்தம் என்று டெல்லியில் அறிவித்த பிறகு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் நிஜமாகவே மாறுகிறதா, போர்டு மட்டும்தான் மாறுகிறதா?

போர்டு கண்டிப்பாக மாறும். மற்றதை என் அம்மாவை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். விழுப்புரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக 1985-இல் சேர்ந்து 2019-இல் ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள். நர்சம்மா, அவ்வளவுதான். நான் நர்சம்மா பையன்.

எங்கள் வீடே அந்தத் துணை நிலையம், அதாவது சப்-சென்டர்தான். அந்தக் காலத்தில் தென்னாற்காடு, சேலம் மாவட்டங்களில் டென்மார்க் உதவியோடு இப்படி நிறையக் கட்டடங்கள் எழுந்தன. எங்களுடையதில் முன்னறையில் பிரசவ மேசை, பின்னால் நாங்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். ஸ்டவ் பற்றவைத்துக் கத்தரிக்கோலைக் கொதிக்கப் போடுவது என் வேலை. வலி முற்றிப் பெண்ணை நகர்த்த முடியாவிட்டால் அம்மாவே கிளம்புவார். வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு நான் முன்னால் போவேன். எட்டு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம், பி.எச்.சி., இருந்ததே என்பீர்கள். இருந்தது. டாக்டர் மதியம் வரைக்கும், அதற்கப்புறம் வாட்ச்மேன். "அங்க போனா வாட்ச்மேன்தான் புள்ளையப் புடிக்கணும்" என்று ஊர்ப் பாட்டிகள் சிரிப்பார்கள்.

2005 ஏப்ரலில் மத்திய அரசின் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியது. முக்கியமாகக் குறிவைத்தது பின்தங்கிய 18 மாநிலங்களை. தமிழ்நாடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனாலும் இங்கே வந்த பணம் நன்றாகவே வேலை செய்தது. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம், 1939-லேயே போட்ட பொது சுகாதாரச் சட்டம், மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்ப 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. வாய்க்கால் வெட்டி வைத்திருந்த ஊரில் மதகு திறந்த மாதிரி. வாய்க்காலே இல்லாத இடத்தில் அதே பணம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன மாறியது? ஆயிரம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: பி.எச்.சி.க்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ். எட்டு மணி நேரத்துக்கு ஒருவர். எங்கள் பி.எச்.சி.யில் ராத்திரியும் விளக்கு எரிய ஆரம்பித்தது. பிரசவ அறைக்குள் கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்றார்கள். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் நின்றதில் பாதி பயம் போனது. கர்ப்பிணிகளுக்கு அங்கேயே வளைகாப்பு நடத்தினார்கள். அம்மாவே இரண்டு தடவை வளையல் வாங்கப் போயிருக்கிறார். கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, பிறகு 18,000. 2008-இல் 108 வண்டி. ஆள் இருக்கிற கட்டடத்துக்கு ஜனம் தானாகப் போகும். 2005-06 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 88 பிரசவம் மருத்துவமனையில்தான். 2019-21-இல் கிட்டத்தட்ட எல்லாமே, 99.6. லட்சம் பிரசவத்துக்கு 111 தாய்மார் இறந்துகொண்டிருந்தது (2004-06) 2018-20-இல் 54 ஆனது. கசப்பான பக்கமும் உண்டு. அதே 2019-21 கணக்கில் சிசேரியன் 45 சதவீதம். தனியாரில் நடந்த பிரசவங்களில் 64 சதவீதம், அரசில் நடந்தவற்றில் 36.

இதற்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தது சப்-சென்டர். ராத்திரி கதவு தட்டுவது நின்றுபோனது. அம்மாவுக்கு முதலில் நிம்மதி, அப்புறம் ஒரு வெறுமை. பிரசவ மேசை மேல் ரெஜிஸ்டர்கள் அடுக்கினோம். புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாளெல்லாம் கணக்கு. கர்ப்பிணிகள் விவரத்தை 'பிக்மி' என்ற இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று வந்தது. அம்மா பிரவுசிங் சென்டரில் சொந்தக் காசைக் கொடுத்து உட்கார்ந்து, ஒரு விரலால் தட்டித் தட்டி ஏற்றினார். "முன்னாடி கொழந்தை புடிச்சேன், இப்ப எலி புடிக்கிறேன்" என்பார், மவுஸைக் காட்டி.

சப்-சென்டருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், இன்னதுக்குத்தான் என்று கட்டுப்பாடு இல்லாமல் கொடுத்தார்கள். செவிலியர், பஞ்சாயத்துத் தலைவர் இருவர் பேரிலும் கூட்டுக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறதா? எங்கள் தலைவர், "நர்சம்மா, அதுல நம்ம தெருவுக்கு ஒரு டியூப்லைட் போட்டுக்கலாமே" என்று ஆரம்பித்தார். செக்கில் ஒரு கையெழுத்து வாங்க அம்மா மூன்று நாள் நடந்தார். கடைசியில் ஒரு பெஞ்சும் ஒரு தண்ணீர் டேங்கும் வந்தன. டியூப்லைட்டும் வந்தது என்று நினைக்கிறேன்.

2018-இல் டெல்லியிலிருந்து அடுத்த அலை, ஆயுஷ்மான் பாரத் திட்டம். இருக்கிற சப்-சென்டர், பி.எச்.சி.களையே நாடு முழுக்க ஒன்றரை லட்சம் நல வாழ்வு மையங்களாக மாற்றுவது என்ற இலக்கு. 2023-இல் அவற்றுக்கு ஆரோக்கிய மந்திர் என்று பெயர். போர்டு கதை முழுக்க இதில்தான். ஆனால் சப்-சென்டரில் உட்கார்ந்து சர்க்கரை, பிரஷர் பார்க்க இடைநிலைப் பணியாளர் என்று ஒரு நர்சைப் போட்ட யோசனை நல்ல யோசனை. எனக்கு உறுத்தல், கூடவே வந்த காப்பீட்டின் மேல்தான். சுகாதார நிதியில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஆரம்ப சுகாதாரத்துக்கு என்று 2017 தேசியக் கொள்கை எழுதி வைத்திருக்கிறது. காப்பீட்டு அட்டையோ ஆளைப் படுக்கையில் சேர்த்தால்தான் பணம் தரும். மாத்திரையைத் தவறாமல் விழுங்கி வீட்டிலேயே நன்றாக இருப்பவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ராத்திரி விளக்கை எரியவைத்த நர்சுகளில் பலர் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் சென்னையில் உட்கார்ந்து போராடியது உங்களுக்கு நினைவிருக்கலாம். திட்டத்துக்குப் புதுப்பெயர் வைப்பது சுலபம், பணியிடத்தை நிரந்தரமாக்குவதில்தான் இழுபறி.

பிரசவம் கட்டடத்துக்கு வந்த மாதிரி சர்க்கரை நோயும் வரும் என்று நினைத்தார்கள். வரவில்லை. வலி எடுக்காத நோய்க்கு யார் கூலியை விட்டுப் பஸ் ஏறுவார்கள்? எங்கள் தெருக் கொத்தனார் மாமா தலை சுற்றினால் மட்டும் போய் மாத்திரை வாங்குவார், சரியானதும் விட்டுவிடுவார். ஒரு நாள் சாரத்தில் நிற்கும்போதே பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. 2020-இல் மாநில அளவில் எடுத்த ஆய்வில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் சொச்சம்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற மாநிலத் திட்டத்தைத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அம்மா இருபது வருஷம் நடந்தே செய்ததை, நடுவில் கணக்கெழுத உட்கார வைத்துவிட்டு, இப்போது வேறு ஒரு பெண்ணைக் கொண்டு மறுபடி செய்கிறார்கள். ஆனால் தேவையான வேலை, மறுக்க மாட்டேன்.

இப்போது அம்மாவுக்கே பிரஷர். மகளிர் குழுவில் இருந்து வந்த ஒரு பெண் மாதா மாதம் பையோடு வீட்டுக்கு வருகிறார். போன தடவை நான் ஊரில் இருந்தேன். "வந்ததும் கட்டாத, அஞ்சு நிமிஷம் உக்கார வச்சுப் பாரு. கைய மேசை மேல வை" என்று அம்மா பாடம் எடுத்தார். அந்தப் பெண் பொறுமையாக இரண்டாவது தடவை பார்த்தார், எட்டு பாயிண்ட் குறைந்திருந்தது. மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, விவரத்தை ஏற்ற வேண்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்குப் போனார். சிக்னல் இல்லை. வேப்பமரத்தடி, திண்ணை, தெருமுனை என்று அவர் நகர்ந்துகொண்டே இருக்க, அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாவம்டா, இவளுக்கும் எலி மாட்ட மாட்டேங்குது."