டெக்ஸ்-மெக்ஸ் போலியா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஹூஸ்டனில் பணிபுரிகிறேன். இந்த ஊருக்கு வந்தபின் என் நாக்குக்கு நெருக்கமாகத் தோன்றிய ஒரே வெளி உணவு மெக்சிகோ உணவுதான். மிளகாய், சீரகம், பீன்ஸ், சோறு என்று எல்லாமே தெரிந்த சுவைகள். ஆனால் என்னுடன் வேலை செய்யும் ஒருவர், மத்திய மெக்சிகோவின் புவெப்லாவில் பிறந்து வளர்ந்தவர், நான் விரும்பிச் சாப்பிடும் எதுவும் மெக்சிகோ உணவே இல்லை என்கிறார். “அது டெக்ஸ்-மெக்ஸ். அமெரிக்கர்களுக்காகச் செய்த போலி” என்றார். சீஸ் என்சிலாடா, ஃபஹீட்டா, நாச்சோ எல்லாமே போலிதானா? உண்மையான மெக்சிகோ உணவு எதில் வேறுபடுகிறது? நான் சைவம். இரண்டில் எதை நம்பிச் சாப்பிடலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், ஹூஸ்டன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்லும் வேறுபாடு உண்மையானது. ‘போலி’ என்ற தீர்ப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சீஸ் என்சிலாடாவையே எடுத்துக்கொள்வோம். ஹூஸ்டனில் உங்களுக்குக் கிடைப்பது மஞ்சள் சீஸை உள்ளே வைத்துச் சுருட்டிய டோர்ட்டியா, அதாவது மாவைத் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டி. அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பு ஊற்றியிருப்பார்கள். கொழுப்பில் மாவை வறுத்து, மிளகாய்ப் பொடியும் சீரகமும் சேர்த்துக் கொதிக்கவைத்தது அது. அதற்கும் மேலே உருகி வழியும் சீஸ். மத்திய மெக்சிகோவில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த சாந்தில் டோர்ட்டியாவைத் தோய்த்து எடுப்பார்கள். மேலே கொஞ்சம் வெள்ளைச் சீஸை உதிர்த்துத் தூவுவார்கள், அவ்வளவுதான். அங்கே மிளகாயின் சுவையை மறைக்க எதற்கும் இடமில்லை.

உங்கள் நண்பரின் ஊர் மோலே என்ற கெட்டிக் குழம்புக்குப் பேர்போனது. ஆன்ச்சோ, முலாட்டோ, பசீயா என்று மூன்று வகைக் காய்ந்த மிளகாய் அதில் சேரும். ஒன்று இனிக்கும், ஒன்று லேசாகக் கசக்கும். கருகிவிடாமல் வறுத்து, ஊறவைத்து, எள், பாதாம், உலர்திராட்சை, பட்டை, கிராம்பு, சிறிது சாக்லேட் ஆகியவற்றோடு அரைத்து, அந்த விழுதைக் கொழுப்பில் வதக்கி, வான்கோழி வேகவைத்த சாறு விட்டுக் கொதிக்கவைப்பார்கள். காரம் அதில் பின்னால்தான் வரும். தெற்கே வஹாக்காவுக்குப் போனால் மோலேக்களே வேறு, மிளகாய்களும் வேறு. கிழக்கே யுகட்டானில் நாரத்தைபோல் புளிக்கும் ஆரஞ்சின் சாற்றிலும் அச்சியோட்டே என்ற சிவப்பு விதையின் சாந்திலும் பன்றி இறைச்சியை ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து மண்ணுக்குள் வேகவைக்கிறார்கள். மெக்சிகோ உணவு என்று ஒற்றைப் பெயரால் சுட்டுவதே அந்தப் பரப்புக்குப் போதாது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது மக்காச்சோளம். உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரில் கொதிக்கவிட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, தோல் நீக்கிக் கழுவி, ஈரமாகவே அரைத்து மாவாக்குவார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய அறிவு இது. சுண்ணாம்பு சேராவிட்டால் அந்த மாவு ஒட்டிக்கொண்டு டோர்ட்டியாவாக விரியாது. அதைவிட முக்கியமானது, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை உடலுக்குக் கிடைக்கும்படி அது விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். வட இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் நயாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயால் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். மெக்சிகோவின் அடுக்களையில் ஒரு பெண் அன்றாடம் செய்துகொண்டிருந்த வேலையின் அருமை அப்போதும் உலகத்துக்கு உடனே புரியவில்லை. 2010ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சோளப் பக்குவமும் அதில் அடங்கியிருந்தது.

டெக்ஸ்-மெக்ஸ் எப்படி வந்தது என்பதை உங்கள் நண்பர் யோசித்திருக்கமாட்டார். டெக்சஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. 1845ல் அமெரிக்காவோடு இணைந்தது. 1848ல் போருக்குப் பிந்தைய உடன்படிக்கை ரியோ கிராண்டே ஆற்றை எல்லையாக உறுதிசெய்தது. அங்கே வாழ்ந்த தெஹானோ மக்கள், அதாவது மெக்சிகோ வழிவந்த டெக்சஸ்காரர்கள், எங்கும் குடிபெயரவில்லை. அவர்கள் வீட்டைத் தாண்டி எல்லைதான் நகர்ந்து போனது. மாட்டுப் பண்ணைகள் நிறைந்த, கோதுமையும் மாட்டிறைச்சியும் மலிந்த நிலத்தில் அவர்கள் சமைத்ததற்குப் புவெப்லாவின் சாயல் ஏன் இருக்கவேண்டும்? தென் டெக்சஸில் மாடு மேய்த்தவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மலிவான இறைச்சித் துண்டிலிருந்து வந்ததுதான் ஃபஹீட்டா. உங்கள் ஹூஸ்டனிலேயே, கணவரை இழந்த நின்ஃபா லாரன்சோ 1973ல் தன் டோர்ட்டியா தொழிற்கூடத்தின் முன்பகுதியில் சில மேசைகளைப் போட்டு, சுட்ட இறைச்சியை டோர்ட்டியாவில் வைத்துக் கொடுத்தார். அதன்பிறகுதான் அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சான் அன்டோனியோவின் ‘சில்லி ராணி’களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நகரின் சதுக்கங்களில் அந்தி சாய்ந்ததும் மேசை போட்டு, விளக்கேற்றி, இறைச்சியும் மிளகாயும் சேர்ந்த சில்லி கான் கார்னேயையும், சோளமாவை மடலில் பொதிந்து வேகவைத்த தமாலேயையும் விற்ற தெஹானோ பெண்கள் அவர்கள். அந்த உணவை வெளியாட்கள் அறிந்ததே அவர்களால்தான். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ பெயரில் சில்லிக் கடை வைத்தார்கள். அதே பத்தாண்டில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற சிற்றூரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் காய்ந்த மிளகாயோடு சீரகம் முதலியவற்றைச் சேர்த்து அரைத்து, நாம் இன்று வாங்கும் சாம்பார்ப் பொடியைப்போல், புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1930களின் இறுதியில் சுகாதார விதிகளைக் காட்டி அந்தப் பெண்களைச் சதுக்கங்களிலிருந்து அகற்றினார்கள். பொடி உலகச் சந்தைக்குப் போயிற்று. 1977ல் டெக்சஸ் அரசு சில்லியைத் தன் மாநில உணவாக அறிவித்தது.

எல்லையின் மறுபுறத்திலிருந்து வந்த ஏளனம் வேறு. 1959ல் வெளியான மெக்சிகோ அகராதி ஒன்று சில்லி கான் கார்னேயை மெக்சிகோ உணவு என்று பொய்ப்பெயரில் உலவும் அருவருப்பான பண்டம் என்று எழுதியது. பிரிட்டனில் பிறந்து மெக்சிகோவின் கிராமம் கிராமமாகச் சென்று சமையல் கற்ற டயானா கென்னடி, 1972ல் தன் முதல் நூலில் எல்லைக்கு வடக்கே உள்ளதை ஒதுக்கிவைத்தார். மெக்சிகோவின் வட்டாரச் சமையல்களை ஆங்கில வாசகர்களுக்குக் காட்டியதில் அவருடைய உழைப்பு மிகப் பெரிது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அப்படி ஒரு கோடு போட்டதில் தெஹானோ குடும்பங்களின் பல தலைமுறைச் சமையல் கலப்படச் சரக்காகிவிட்டது.

அந்தக் கோடும் நேராகப் போவதில்லை. பொரித்த டோர்ட்டியாத் துண்டுகளின்மேல் சீஸை உருக்கிய நாச்சோ, 1943 வாக்கில் எல்லைக்குத் தெற்கே, மெக்சிகோவின் பியத்ராஸ் நேக்ராஸ் நகரில், இக்னாசியோ அனாயா என்ற மெக்சிகோக்காரர் செய்தது. எல்லை தாண்டி வந்த அமெரிக்கப் பெண்களுக்காகச் செய்தார். கோதுமை டோர்ட்டியா அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்பார்கள். வடமெக்சிகோவின் சொனோராவில் அது அன்றாட உணவு. உங்கள் நண்பர் வாழ்நாளெல்லாம் சாப்பிட்டிருக்கக்கூடிய தாக்கோஸ் அராபேஸ் (இறைச்சியை ரொட்டியில் சுருட்டிய ‘அரபு டாக்கோ’), மத்திய கிழக்கிலிருந்து குடியேறியவர்கள் புவெப்லாவுக்குக் கொண்டுவந்தது. ஸ்பானியர்கள் வரும்வரை பன்றியும் மாடும் கோதுமையும் சீஸும் அங்கே இல்லவே இல்லை. மறுபக்கம், மெக்சிகோவின் நகரங்களிலேயே இன்று டோர்ட்டியாவில் கணிசமான பகுதி ஆலையில் உலர்த்தி அரைத்த மாவில் செய்யப்படுகிறது.

நண்பரின் எரிச்சலுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. பெட்டியில் வரும் மொறுமொறு டாக்கோ ஓடும், டப்பாவில் அடைத்த சீஸ் குழம்பும் உலகெங்கும் மெக்சிகோ என்ற பெயரில் விற்கின்றன. அதில் புவெப்லாவும் இல்லை, தெஹானோ வீடும் இல்லை. அந்த மொறுமொறு ஓடுகளை அமெரிக்கா முழுக்கப் பரப்பியவை கலிஃபோர்னியாவில் தோன்றிய உணவுக்கடைகள். பழி மட்டும் டெக்சஸுக்கு வந்தது.

உங்கள் நாக்கு உணர்ந்த நெருக்கத்தில் பெரும்பங்கு சீரகத்துடையது. மெக்சிகோவில் அதைக் கிள்ளித்தான் போடுவார்கள். டெக்சஸில் அள்ளிப் போடுகிறார்கள். மிளகாய் மெக்சிகோவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே நம்மிடம் வந்தது. சீரகம் பழைய உலகத்திலிருந்து அங்கே போனது. இரண்டும் தாராளமாகச் சந்திக்கும் குழம்பு நமக்குப் பழகியதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

சைவம் பற்றி: இரண்டிலும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது இரு பக்கமும் வழக்கம். சிவப்புச் சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதுண்டு. என்சிலாடாவின் பழுப்புக் குழம்பில் இறைச்சிச்சாறு இருக்கலாம். மிளகாய்க்குள் சீஸ் வைத்துப் பொரிக்கும் சிலே ரெயேனோவின் மேல்மாவு முட்டையால் ஆனது. ஆனால் சைவருக்கு வாய்ப்பு அதிகம் மெக்சிகோச் சமையலில்தான். ஸ்பானியர் வருகைக்கு முந்தைய அடித்தளமே சோளம், பீன்ஸ், பூசணி. பூசணிப்பூவும், சப்பாத்திக்கள்ளியின் மடலும், சோளக்கதிரில் விளையும் கரும்பூஞ்சையும் வைத்து மடித்துச் சுட்ட டோர்ட்டியாக்களான கெசடியாக்கள் கிடைக்கும் கடைகளைத் தேடுங்கள். டோர்ட்டியாவை அங்கேயே சோளம் அரைத்துச் செய்கிறார்களா என்றும் கேளுங்கள். புவெப்லாக்காரரை உடன் அழைத்துப்போனால், பீன்ஸில் என்ன கொழுப்பு என்பதைச் சமையல்காரரிடம் ஸ்பானிய மொழியிலேயே விசாரித்துச் சொல்வார்.